"பரீட்சை ஹால் இல்லம்மா" என்றவருக்கும், கூடச் சிரித்தவர்களுக்கும்

கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கவிதைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் அந்த வீடியோ வந்து சேர்ந்திருக்கும். அதன் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று வாசித்த கவிதையில், செக்போஸ்ட் பக்கத்தில் நிற்கிற பனைமரம் வேலைக்குப் போகிற அப்பாவைப் பார்த்துப் போகாதே என்று ஓலையை ஆட்டுகிறது. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை எழுந்து, "இது தற்குறிப்பேற்ற அணி" என்றாள். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை. சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, "இது பரீட்சை ஹால் இல்லம்மா, கவிதையை உணரணும்" என்றார். அரங்கம் சிரித்தது.

அவள் சொன்னது சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பனையோலை ஆடத்தான் செய்யும், அது யாரையும் தடுக்கவில்லை. இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் எழுதுகிறவர் தன் குறிப்பை ஏற்றுகிறார். அதனால்தான் அந்தப் பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடி ஆடுகிறது. "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோ. கோவலன் சாகப் போகிறான் என்று கொடிக்குத் தெரியுமா? இளங்கோவுக்குத் தெரியும். காற்றில் ஆடுகிற துணியின்மேல் அந்தத் துக்கத்தை ஏற்றிவிட்டார். மதுரைக் கொடியையும் கொழிஞ்சாம்பாறைப் பனையையும் ஒரு பிள்ளை ஒரே மூச்சில் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்தது அந்தப் பெயர்தான். அவள் உணராமலா சொன்னாள்?

பெயர் தெரிந்தால் கவிதை செத்துவிடும் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினார். மலரடி, அடிமலர். முதலாவது மலர் போன்ற அடி, உவமை. அங்கே மலரும் அடியும் இரண்டாகத்தான் நிற்கின்றன. இரண்டாவது அடியாகிய மலர், உருவகம். அங்கே இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. சொல்லை முன்பின் மாற்றியதில் 'போல' காணாமல் போய்விட்டது. அன்று சாயங்காலம் வரப்பு மேலேயே மதிமுகம், முகமதி, மலர்க்கண், கண்மலர் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். என் உணர்ச்சி எதுவும் அன்று சாகவில்லை. அன்றைக்குத்தான் பிறந்தது.

ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார்: "படிக்காத பாட்டிகள் அணி தெரியாமலே அழகாகப் பேசவில்லையா?" பேசினார்கள். என் அமுச்சியைவிட, அதாவது அம்மாவின் அம்மாவைவிட, சாடை பேசத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அமுச்சியின் மருமகளான அத்தை தன் அம்மா வீட்டுக்குக் கடலைக்காய் மூட்டை கொடுத்துவிட்ட அன்று அமுச்சி வாசலில் உட்கார்ந்து கோழியைத் திட்டினார். "திங்கறது எங்கூட்டுத் தவுடு, முட்ட வெக்கறது அடுத்தூட்டுக் கூடையில." அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே அத்தை பாத்திரத்தை நங்கென்று வைத்தார், அவ்வளவுதான். சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றை மட்டும் சொல்வது பிறிது மொழிதல். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று வள்ளுவரும் இதைத்தான் செய்தார். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். எளிய பகைவர்களானாலும் பலர் ஒன்றுசேர்ந்தால் தாங்க முடியாது என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை. இந்தப் பெயரைக் கற்ற பிறகுதான் அமுச்சியின் கோழி வள்ளுவரின் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதுவரை அதை ஒரு கிழவியின் புலம்பல் என்றே நினைத்திருந்தேன். பெயர் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

பள்ளிக்கூடத்தில் அணி என்றாலே மனப்பாடம், மார்க் என்று ஆக்கிவிட்டார்கள் என்பது சரிதான். ஒப்புக்கொள்கிறேன். அது சொல்லிக்கொடுத்தவர்களின் குறை. அந்தப் பிள்ளை மார்க்குக்காக எழுந்து நிற்கவில்லை.

"இப்போதெல்லாம் படிமம், குறியீடு என்றுதான் பேசுகிறோம்" என்கிறார் இன்னொருவர். பேசுங்கள். ஆனால் எது வந்தாலும் படிமம் என்கிறீர்கள். கண்முன் ஒரு காட்சி வந்து நின்றால் அது படிமம். அந்தக் காட்சி தன்னைத் தாண்டி வேறொன்றுக்காக நின்றால் குறியீடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அவளுடைய சொல் பழையது என்றால் எப்படி? எல்லாமே பனைமரம் என்றுதான் நானும் ஒரு காலத்தில் சொன்னேன். பனையேறுகிற மாமா ஒருவர் ஆண்பனை எது, பெண்பனை எது என்று காட்டிய பிறகுதான் நுங்கு எதில் காய்க்கும் என்று தெரிந்தது.

என் கடைக்கு எதிரே ஆட்டோ ஓட்டுகிற மலையாளிச் சேட்டன் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். உல்ப்ரேக்ஷ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நாம் தற்குறிப்பேற்றம் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். "அதுதானல்லயோ இது" என்று மலையாள இலக்கண ஆசிரியர் ராஜராஜவர்மா அந்த அணிக்குச் சொன்ன இலக்கணத்தை இன்றைக்கும் பாட்டாகவே சொல்வார். அதைக் கேட்டு அவர் ஆட்கள் யாரும் சிரிப்பதில்லை. நம் பிள்ளை நம் பெயரைச் சொன்னால் நாமே சிரிக்கிறோம்.

விருந்தினர் போகும்போது, "எல்லையில இருந்துக்கிட்டு இவ்வளவு தமிழ் தெரியுதே" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூர் போனால் "நீங்க மலையாளியா?" என்று கேட்கிறார்கள். இந்தப் பக்கம் கேரளத்துக்குள் திரும்பினால் தமிழர்களைக் கேலியாகச் சொல்கிற 'பாண்டி' என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் எங்கள் பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் போர்டு இல்லாத பஸ்ஸில் ஏறிப் போய், தற்குறிப்பேற்றம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதைத் தமிழர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் சொல்லக்கூடாது என்றால் வேறு எங்கே போய்ச் சொல்வாள்?

'அரங்கம் சிரித்தது' என்று மேலே எழுதினேன். அது இடவாகுபெயர். கட்டடம் சிரிக்கவில்லை. நாற்பது பேர் சிரித்தோம். நானும் உதட்டளவில் சிரித்துவிட்டேன், அதுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

நேற்று அவள் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். "அடுத்த கூட்டத்துக்கு வருவியா கண்ணு?" என்று கேட்டேன்.

"பரீட்சை இருக்குதுங்க அக்கா" என்றாள், தாளை எண்ணிக்கொண்டே.

ஓணப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.