கஸ்டமர் கோட் நம்பர் இல்லை, டெக்ஸ்ட்!

மறுபடியும் அதே. மேப்பிங் ஷீட்ல, அதாவது ஒரு சிஸ்டத்துல இருக்கற தகவல் இன்னொரு சிஸ்டத்துல எங்க, எந்த வகையாப் போகணும்னு சொல்ற பட்டியல்ல, ‘கஸ்டமர் கோட்’ வரிக்கு நேரா ‘நம்பர்’னு போட்டு அனுப்பியிருக்காங்க. அந்தக் கோடைக் கூட்டப் போறீங்களா? கழிக்கப் போறீங்களா? சராசரி எடுக்கப் போறீங்களா? கணக்குப் போடாத எதுவும் நம்பர் இல்லை. ஃபோன் நம்பர், பேங்க் அக்கவுண்ட், போஸ்டல் கோட், பார்கோடு எல்லாமே டெக்ஸ்ட். எத்தனை தடவை சொல்றது?

அந்த ஒரு கட்டம் என்ன பண்ணும்னு பாருங்க. பேமென்ட் ஃபைல்ல 007125னு ஒரு கோட் ஒழுங்காத்தான் கிளம்புது. நடுவுல ‘நம்பர்’ ஆன உடனே முன்னாடி இருந்த ரெண்டு சைபரும் காலி. டேட்டா போய்ச் சேர்ற சிஸ்டம் 7125னு தேடுது. இல்லை. அங்க வெச்சிருக்கறது அப்ஸெர்ட்: இருந்தா மாத்து, இல்லைன்னா புதுசா போடு. சொன்னபடியே புதுசா ஒரு கஸ்டமரைப் போடுது. எரர் கிடையாது. நடந்ததைப் பதியற லாக் முழுக்கப் பச்சை. அதே பேரு, அதே விலாசம், ரெண்டு கஸ்டமர். இன்வாய்ஸ் பழைய கணக்குல நிக்குது, பணம் புதுக் கணக்குல உக்காந்திருக்கு. பணம் கட்டின மனுஷனுக்கு ‘பாக்கி இருக்கு’ன்னு மெயில் போகுது. அவர் கொதிச்சுப் போய் கூப்பிட்டா சப்போர்ட் ‘பணம் வரலை’ங்கறாங்க, அக்கவுண்ட்ஸ் ‘வந்தாச்சு’ங்கறாங்க. ரெண்டு பேர் ஸ்க்ரீன்லயும் இருக்கறது உண்மைதான்! கடைசியில ஒருத்தர் உக்காந்து டூப்ளிகேட்டை எல்லாம் மெர்ஜ் பண்றார். மிஞ்சறது 007125. ராத்திரி அந்த ஃபைலைத் தானா ஏத்தற ஜாப் ஓடுது, 7125ஐத் தேடுது, இல்லை, இன்னொரு புது கஸ்டமர். காலையில மறுபடியும் மெர்ஜ்.

‘அப்ப இடது பக்கம் சைபர் சேர்த்து ஆறு இலக்கமாக்கிடலாமே’ன்னு உடனே ஒரு குரல் வரும். எல்லா கோடும் ஆறே இலக்கம்னா சரி. பழைய கோட் ஒண்ணு நாலு இலக்கத்துலயே இருந்தா? அதுல சைபரைச் சேர்த்து வேற ஒருத்தர் கணக்குல கொண்டு போய் பணத்தைப் போடும். வர்ற இடத்துலயே டெக்ஸ்ட்னு வாங்குங்க. அதைவிட முக்கியம், பேமென்ட் ஃபைலுக்கு கஸ்டமரை உண்டாக்கற உரிமையே கூடாது. தேடிக் கிடைக்கலைன்னா அந்த வரியைத் தனியா ஒதுக்கி வெச்சு, மனுஷன் பார்க்கட்டும்.

எக்செல் கதை தனி. சிஎஸ்வியை, அதாவது கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைலை, ‘சும்மா பார்க்கலாம்’னு டபுள் கிளிக் பண்ணித் திறந்து, மூடும்போது சேவ் கொடுத்தா முடிஞ்சது. 13 இலக்க பார்கோடு 8.90123E+12 ஆகி, அப்படியே ஃபைல்ல பதிஞ்சிடும். 16 இலக்க எண்ல கடைசி இலக்கம் சைபராயிடும், ஏன்னா எக்செல் 15 இலக்கம்தான் வெச்சிருக்கும். பார்த்தே ஆகணும்னா நோட்பேட்ல பாருங்க!

தேதி? 03/04/2025. மார்ச் நாலா, ஏப்ரல் மூணா? மாசத்துல முதல் 12 நாள் மூச்சுக் காட்டாம தப்பா ஏறும். 13ஆம் தேதிதான் வெடிக்கும். வருஷம்-மாசம்-நாள்னு எழுதச் சொல்லி ஐஎஸ்ஓ 8601ங்கற சர்வதேசத் தரநிலை வந்தது 1988ல. இன்னும் இந்தச் சாய்வுக்கோட்டை விட மனசு வரலையா?

இதுல வயிறு எரியறது தமிழ்ப் பேருக்குத்தான். ஷீட்ல ‘பெயர், 40 எழுத்து’ன்னு இருக்கும். டேட்டாபேஸ்ல அது 40 பைட். யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டு முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். புள்ளிக்குத் தனி, கொம்புக்குத் தனி. ‘கிருஷ்ணமூர்த்தி’ எட்டே எழுத்து. ஆனா 15 குறி, 45 பைட். 40ல வெட்டினா ‘கிருஷ்ணமூர்த்’ வரைக்கும் வந்து, அதுக்கப்புறம் உடைஞ்ச ஒரு பைட் தொங்கும். ஒருத்தர் பேரைய்யா அது! ஜான்னு நாலு ஆங்கில எழுத்தை மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணிட்டு ‘பாஸ்’னு கையெழுத்துப் போட்டா இது எப்படித் தெரியும்?

சரி, அந்த மேப்பிங் ஷீட்டைத் திருத்தியாவது அனுப்பலாம்னு பார்த்தா, வந்திருக்கறது எக்செல் ஃபைலே இல்லை. வேர்ட் ஃபைலுக்குள்ள ஒட்டின ஸ்க்ரீன்ஷாட். அதுலயும் எந்த ஃபீல்ட் கட்டாயம்னு சொல்ற கடைசி நெடுவரிசை பாதியோட வெட்டுப்பட்டிருக்கு.