முடி நடவு வலிக்குமா? வலிக்கும். எங்கே, எத்தனை நேரம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

"வலியில்லா முடி மாற்று சிகிச்சை. காலையில் வாங்க, மாலையில் வீட்டுக்குப் போங்க." சேலத்தில் அஞ்சு ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போனால் இந்த மாதிரி வாசகம் கண்ணில் படாமல் இருக்காது. இரண்டாவது வரி உண்மை. முதல் வரி பொய். எனக்குக் கோபம் அந்த முதல் வரி மேல்தான். வலியே கிடையாது என்று நம்பிப் போகிறவர் எதற்கும் தயாராகப் போவதில்லை. அன்று சாயந்திரமே பைக்கில் ஊருக்குக் கிளம்புகிறார். மூன்றாம் நாள் கண் வீங்கினால் குடும்பமே பதறுகிறது. ஒரு மாதத்தில் நட்ட முடி கொட்டும்போது ஏமாந்துவிட்டோம் என்று இடிந்துபோகிறார். இந்த வலி பெரியதும் இல்லை, நீளமானதும் இல்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

வலியில் பெரும்பங்கு மரத்துப்போகப் போடும் ஊசிக்குத்தான். அது இரண்டு தடவை வரும். முடி எடுக்கும் பின்மண்டைக்கு ஒரு சுற்று, நடும் முன்பக்கத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து நிமிடம். குத்துவதை விட மருந்து உள்ளே இறங்கும்போதுதான் எரியும். லிக்னோகெயின் மருந்தோடு அட்ரினலின் சேர்ந்திருக்கும், அந்தக் கலவைக்கு அமிலத்தன்மை அதிகம். அதனால் வரும் எரிச்சல் அது. பின்மண்டையை விட நெற்றி ஓரமும் பொட்டுப் பக்கமும் கூடுதலாகச் சுள்ளென்று இருக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இதைக் குறைக்க வழி உண்டு. மருந்தில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலக்கலாம், மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவரலாம், மிக மெல்லிய 30 நம்பர் ஊசியில் மெதுவாக ஏற்றலாம், ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்தில் அதிரும் கருவியை வைக்கலாம். புருவத்துக்கு மேலே உள்ள நரம்பை முதலில் மரக்க வைத்துவிட்டால் முன்பக்க ஊசிகள் பெரும்பாலும் தெரியாது. "ஊசி வலியைக் குறைக்க என்ன செய்வீங்க டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். மேலே சொன்ன வழிகளில் குறைந்தது இரண்டு பதிலாக வர வேண்டும். "அதெல்லாம் வலிக்கவே வலிக்காதுங்க" என்பது பதில் இல்லை.

மரத்த பிறகு வலி இருக்காது, சத்தம் இருக்கும். பஞ்ச் என்ற 0.8 முதல் 1 மில்லிமீட்டர் அகலக் குழல் கத்தி ஒவ்வொரு வேராக எடுக்கும்போது மண்டைக்குள் கரகரவென்று கேட்கும், அழுத்துவது தெரியும். இந்த எஃப்.யு.இ. முறையில் 2000 கிராஃப்ட்டுக்கு, அதாவது எடுத்து நடும் வேர்த் துண்டுக்கு, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். அதில் இரண்டு மூன்று மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் கழுத்து வலியும் இடுப்பு வலியும்தான் பெரிதாகத் தெரிந்தது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். மணிக்கு ஒருமுறை எழுந்து கைகாலை ஆட்ட விடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தலைவழியாக மாட்டும் பனியன் வேண்டாம், முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டுப் போங்கள். பனியனைக் கழற்றும்போது அன்றைக்கு நட்டது உராயும்.

பழைய எஃப்.யு.டி. முறையில் பின்மண்டையில் ஒரு பட்டைத் தோலை எடுத்துத் தைப்பார்கள். அதில் இழுப்பு வலி கூடுதல். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், கோடு போல ஒரு தழும்பு நிற்கும்.

மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தேயத் தொடங்கும். சின்னதாகச் சுருக்கென்றாலே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதில் ஒரு பெருமையும் இல்லை. உடம்பு விறைத்து ரத்த அழுத்தம் ஏறினால் கசிவு கூடும், நடும் வேலை கெடும். ஆனால் கேட்கும்போதெல்லாம் மரப்பு மருந்தை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் எல்லை. 60 கிலோ உடம்புக்கு 420 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 21 மில்லிலிட்டர். அதைத் தாண்டினால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் இரும்பு ருசி தட்டும், காது இரையும், பிறகு வலிப்பு வரலாம். இந்தக் கணக்கைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் அந்த அறைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வற்புறுத்தல். டாக்டர் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக, டெக்னீஷியன்கள் மட்டும் நாள் முழுக்கச் செய்யும் இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இரண்டே நாளில் இறந்துபோனார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, ப்ராப்ரனலால் மாத்திரை, இதில் எது இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது.

அன்று ராத்திரி மரப்பு முழுதாக இறங்கும். நட்ட முன்பக்கம் அதிகம் வலிக்காது, எடுத்த பின்மண்டைதான் வெயிலில் வெந்த தோல் போல எரிந்து இறுகும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், டாக்டர் எழுதிய பாராசிட்டமால் 650-ஐ மரப்பு இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்படாது. நான்காம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினால் அது சரியில்லை. சீழ், காய்ச்சல், நட்ட இடம் கருநீலமாக மாறுவது, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், இவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. செய்த இடத்தில் போன் எடுக்கவில்லை என்றால் நேராக சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்து தோல் கருகும் ஆபத்து கூடுதல். முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது புகையை நிறுத்தத்தான் வேண்டும்.

அடுத்தது வீக்கம். தலையில் ஏற்றிய மருந்துத் தண்ணீர் கீழே இறங்கி, இரண்டாம் நாள் நெற்றியிலும் மூன்றாம் நான்காம் நாள் கண் இமையிலும் சேரும். சிலருக்குக் கண்ணே திறக்காது. பார்வைக்கு ஒன்றும் ஆகாது, ஐந்து முதல் ஏழு நாளில் வடிந்துவிடும். முதல் ஐந்து ராத்திரி மூன்று தலையணை வைத்து 45 டிகிரி சாய்வில் தூங்குங்கள். பஸ் பயணத்துக்கு விற்கிறார்களே, கழுத்தில் மாட்டும் வளைந்த தலையணை, அது ஒன்று இருந்தால் பின்மண்டை எதிலும் படாது. ஐஸ் வைப்பதானால் புருவத்துக்கு மேலே நெற்றியில் மட்டும். நட்ட இடத்தில் ஐஸ் படவே கூடாது.

முதல் குளியலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுவது அங்கேதான். பெரும்பாலும் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றச் சொல்வார்கள். ஷவர் கூடாது, அதன் வேகம் தாங்காது. ஒரு மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அதில் அவர்கள் கொடுத்த ஷாம்புவை விட்டுக் கலக்கி, நுரையை மட்டும் உள்ளங்கையில் அள்ளுங்கள். நட்ட இடத்தில் வைத்து லேசாக ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, விரலை வட்டமாகச் சுழற்றவும் கூடாது. இரண்டு நிமிடம் விட்டு, நெற்றியில் கையை அணை கட்டிக்கொண்டு, மக்கைத் தலைக்கு நெருக்கமாகப் பிடித்து மெல்ல ஊற்றுங்கள். துண்டால் துவட்டாமல் காற்றில் காய விடுங்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் போர் தண்ணீர், உப்பும் கடினமும் அதிகம். அதில் நுரை சரியாக வராது. நுரை வரவில்லை என்றால் கை தன்னால் தேய்க்கப் போகும். முதல் பத்து நாள் மேட்டூர் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மக் போதும், பெரிய செலவில்லை.

வேர் நன்றாகப் பிடிக்க ஒன்பது பத்து நாள் ஆகும். அதுவரை ஒவ்வொரு வேரைச் சுற்றியும் கடுகளவு பொருக்கு இருக்கும், அரிப்பு உயிரை எடுக்கும். நகம் படக் கூடாது, சலைன் (உப்புக் கரைசல்) அடித்தால் அரிப்பு அடங்கும். முதல் வாரத்தில் பொருக்கு பிய்ந்து ரத்தம் வந்தால் அந்த வேர் போயிருக்கலாம். சலைனில் நனைத்த பஞ்சை பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். பத்து நாளுக்குப் பிறகு பொருக்கோடு முடியும் சேர்ந்து ரத்தமில்லாமல் வந்தால் அது தண்டு மட்டும்தான், வேர் உள்ளே இருக்கிறது. பத்தாம் நாளிலிருந்து நுரையில் ஊறவிட்டு விரல் நுனியால் மெல்லத் தேய்த்து, 14 நாளுக்குள் பொருக்கு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். பயந்து தொடாமலே விட்டால் அது தடித்து, அடியில் பருப் பருவாகக் கிளம்பும். மஞ்சள், சோற்றுக் கற்றாழை, சின்ன வெங்காயச் சாறு, இவற்றை வீட்டில் பாசத்தோடு கொண்டுவருவார்கள். ஒரு மாதம் எதுவும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் அந்தக் கணக்கில்தான்.

வேலைக்கு எப்போது போகலாம் என்பது தொழிலைப் பொறுத்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் ஐந்தாம் நாள் போகலாம். பஞ்சு பறக்கும் விசைத்தறிக் கூடம், உலைச் சூடும் ஆசிட் புகையும் உள்ள கொலுசுப் பட்டறை, வெயிலில் நின்று மாவு காயப் போடும் சேகோ (ஜவ்வரிசி) ஆலை, இவற்றுக்கு இரண்டு வாரம் லீவு இல்லாமல் இறங்காதீர்கள். வியர்வையும் தூசியும் புதுப் புண்ணுக்கு ஆகாது. நாள் குறிக்கும்போது சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்துவிடலாம். ஹெல்மெட்டுக்கும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது வழி இல்லை, அந்த இரண்டு வாரம் வண்டியையே எடுக்காதீர்கள்.

"ஏற்காட்டுல ஒரு வாரம் ரூம் போட்டுக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குளிர்ச்சி நல்லதுதான், வியர்க்காது. 1500 மீட்டர் உயரத்தால் கிராஃப்ட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கஷ்டம் வழியில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவில் தலை கார் கண்ணாடியிலும் சீட்டிலும் இடிக்கும், வாந்தி வந்தால் குனிந்து முக்கும்போது ரத்தம் தலைக்கு ஏறும். ராத்திரி ரத்தம் கசிந்தால் மலை இறங்கி வர வேண்டும். முதல் நான்கு நாளாவது கீழேயே இருங்கள். வீக்கம் வடிந்து, முதல் இரண்டு குளியலை டாக்டர் பார்த்த பிறகு மேலே போனால் போதும். அங்கேயும் மதிய வெயிலில் தலையைக் காட்டாதீர்கள், மலை வெயில் இதமாகத் தெரிந்தாலும் தோலைச் சுடும்.

இதற்குப் பிறகு வருவது உடம்பு வலி இல்லை, மனசு வலி. இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். சிலருக்கு ஏற்கெனவே இருந்த பக்கத்து முடியும் கொஞ்சம் கொட்டும். நாற்று நட்டால் முதலில் பழுத்துத்தானே பச்சை கட்டுகிறது, அந்த மாதிரிதான். வேர் உள்ளே ஓய்வில் இருக்கும். மூன்றாம் நான்காம் மாதம் மெல்லிய முடி முளைக்கும், அப்போது சிலருக்குச் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். ஆறாம் மாதம் பாதி தெரியும், முழுதாகப் பார்க்க ஒரு வருடம், உச்சிக்கு இன்னும் சில மாதம். தோல் மரத்த மாதிரி இருப்பதும் சில வாரம் முதல் சில மாதம் வரை நீடிக்கலாம். தை மாதம் கல்யாணம் வைத்துக்கொண்டு ஐப்பசியில் போய் உட்காருகிறவர்களுக்கு "கல்யாணத்துக்குள்ள அடர்த்தியா வந்துடும்" என்று சொல்லி முன்பணம் வாங்குவது அநியாயம். அந்த மாப்பிள்ளை மணமேடையில் இருக்கும்போது நட்டதெல்லாம் கொட்டிப்போய், புதிது அப்போதுதான் எட்டிப் பார்க்கும். தை முகூர்த்தத்துக்கு முந்தின மாசியிலேயே நட்டிருக்க வேண்டும்.

மொட்டை வேண்டுதல் இருப்பவர்கள் அதை நடவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பழனியோ, ஆடியில் நம் மாரியம்மனோ, நட்ட தலையில் சவரக் கத்தி வைக்க ஆறு மாதமாவது ஆக வேண்டும், ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது. கத்தரியால் நுனி வெட்டிக்கொள்வது மட்டும் என்றால் ஒரு மாதத்துக்குப் பிறகு செய்யலாம். வெட்டுகிறவரிடம் எங்கே நட்டிருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிட்டு உட்காருங்கள்.