சேர்ப்பதையும் தடுப்பதையும் ஏன் ஒட்டி வைக்கிறீர்கள்?

என் அம்மாவும் அவருடைய தம்பியும் நான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. ஒரு மெசேஜ் ஆப்பில் இரண்டு பட்டன்கள் ஒட்டிக்கொண்டு இருந்ததுதான் காரணம். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

மாமா நம்பரை மாற்றினார். புது நம்பரிலிருந்து "அக்கா, இனிமேல் இதுதான் என் நம்பர்" என்று அனுப்பினார். தெரியாத நம்பர் என்பதால் மெசேஜுக்குக் கீழே ஆப் இரண்டு பட்டன்களைக் காட்டியது. ஒன்று 'தடை செய்', இன்னொன்று 'தொடர்பில் சேர்'. இரண்டும் ஒரே அளவு, ஒரே வரிசை, நடுவில் ஒரு மெல்லிய கோடு. அம்மா சேர்க்கத்தான் போனார். விரல் பக்கத்தில் பட்டுவிட்டது. உடனே ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. நம்பரைச் சேமிக்கத்தான் கேட்கிறது என்று நினைத்து, தடித்த எழுத்தில் இருந்ததைத் தொட்டார். அவ்வளவுதான். பெட்டி மறைந்தது, வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் மாமா அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டால் மணி அடிப்பதுபோல் இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். கடைசியாகப் பேசியபோது ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் மனதுக்குள்ளேயே போட்டுக் குமைந்திருக்கிறார். இந்தப் பக்கம் அம்மாவோ, "வேலையாக இருப்பான், அவனே கூப்பிடுவான்" என்று காத்திருந்தார். புது மெசேஜ்கள் வர வர அந்த உரையாடல் கீழே கீழே போய்விட்டது. அதைத் திறந்து பார்த்தால்தானே தடை செய்திருப்பது தெரியும்?

கடைசியில் மாமா என்னைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு என் மேல் என்னப்பா கோபம்?" என்று கேட்டார். அம்மாவின் போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். தடை செய்தவர்கள் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு நம்பர். காட்டினேன். "நான் ஏன்டா அவனைத் தடுக்கப் போறேன்?" என்று கேட்டவர் அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதைச் சொன்னால், "பார்த்துத் தொட வேண்டியதுதானே" என்கிறார்கள். எதைப் பார்ப்பது? விரல் என்ன ஊசியா? தொடும்போது விரல் நுனியே அந்த இடத்தை மறைத்துவிடுகிறது. வயதானால் கை நடுங்கும், கண் மங்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் போனைப் பிடித்தால் இருபது வயதுக்காரருக்கும் இதே கதிதான். இதெல்லாம் ஆப் செய்பவர்களுக்குத் தெரியாதா? தொடும் இடம் 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நடுவில் இடைவெளியும் வேண்டும் என்று கூகுளின் ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது; டிபி போல அதுவும் திரையில் அளக்கும் ஓர் அலகுதான். எல்லாரும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகளின் 2.2 பதிப்பு 2023இல் வந்தது. அதிலும் தொடும் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவு இருக்கிறது.

ஆனால் அளவு மட்டும் போதாது. இரண்டு பட்டன்களையும் அளவெடுத்துப் பெரிதாக வைத்துவிட்டு, ஒன்றில் உறவு சேரும், மற்றதில் உறவு அறுந்துபோகும் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் அந்த அளவால் என்ன பயன்? குறி பெரிதாகவும் கிட்டவும் இருந்தால் சுலபமாகத் தொடலாம் என்று 1954லேயே பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டிவிட்டார். நாம் எதைத் தொட வேண்டும் என்று ஆப்காரர்கள் ஆசைப்படுகிறார்களோ, அதைப் பெரிதாக்கிக் கட்டைவிரலுக்கு அடியில் வைக்க இந்தப் பாடத்தை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஆபத்தானதைத் தூரமாக வைக்கவும் அதே பாடம்தானே உதவும்?

அழைப்பு விஷயத்தைப் பாருங்கள். போன் பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் பல போன்களில் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். தெரியாமல் கை பட்டு எடுத்துவிடக் கூடாதே என்ற அக்கறை. குரல் பதிவுக்கு விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும், வேண்டாமென்றால் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். இவ்வளவு தெரிந்தவர்கள், நான் பயன்படுத்தும் ஆப்பில் ஒரு குழு முழுவதையும் வீடியோவில் கூப்பிட ஒரே ஒரு தொடுதல் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் குழுவின் பெயருக்குப் பக்கத்திலேயே. உறுப்பினர் யார் யார் என்று பார்க்க ஒருநாள் இரவு ஒரு மணிக்குப் பெயரைத் தொடப் போய், கேமரா படத்தைத் தொட்டுவிட்டேன். இரண்டு நொடியில் துண்டித்தேன். என்ன பிரயோஜனம்? குழுவில் இருந்த அத்தனை பேர் போனிலும் தவறிய அழைப்பு நின்றது. உடம்பு சரியில்லாத அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்த ஒருவர் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டதாக மறுநாள் சொன்னார். போன அழைப்பைத் திரும்ப வாங்க முடியாது. அங்கேதான் "எல்லாரையும் கூப்பிடவா?" என்று கேட்க வேண்டும். அங்கே கேட்க மாட்டார்கள்.

பட்டியல் குதிப்பது இன்னொரு கொடுமை. ஒருவர் பெயரைத் தொட விரல் இறங்கும் நேரத்தில் வேறொருவரிடமிருந்து மெசேஜ் வந்து, வரிசை ஒரு படி கீழே நகர்ந்துவிடும். விரல் படுவது யாரோ ஒருவர் மேல். நண்பருக்குப் போக வேண்டிய மருத்துவ அறிக்கை மேலதிகாரிக்குப் போனால் அது யார் தப்பு? விரல் நெருங்கும் அரை நொடி பட்டியலை அசையாமல் வைத்திருக்க முடியாதா?

சரி, எல்லாவற்றுக்கும் "நிச்சயமாகவா?" என்று கேட்டுவிடலாம் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. நூறு தடவை கேட்டு நூறு தடவையும் 'ஆம்' என்றே சொல்லிப் பழகிய விரல், நூற்றி ஒன்றாவது தடவை படித்துப் பார்க்காது. அம்மாவிடமும் பெட்டி கேட்கத்தானே செய்தது? செய்ததைத் திரும்பப் பெற வழி கொடுங்கள். ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தை 30 நொடி வரை நிறுத்திவைத்துத் திரும்பப் பெறலாம். ஐபோனின் ஐமெசேஜில் அனுப்பியதை 2 நிமிடத்துக்குள் விலக்கிக்கொள்ளலாம். ஒரு மெசேஜை எல்லாருக்கும் நீக்குவதற்குப் பதிலாக எனக்கு மட்டும் நீக்கிவிட்டால், அதை மாற்றிக்கொள்ள 2022 டிசம்பரில் வாட்ஸ்அப் 5 நொடி கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த 5 நொடியில் என் அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டிருக்கக்கூட மாட்டார். ஏன் ஒரு நாள் கொடுக்கக் கூடாது?

தடை செய்வதைக் கடினமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தொல்லை கொடுப்பவனிடமிருந்து தப்ப நினைக்கும் பெண்ணுக்கு அது சட்டென்று கைக்குக் கிடைக்கத்தான் வேண்டும். 'தொடர்பில் சேர்' என்பதை விட்டு விலகி, வேறு நிறத்தில் தனியாக நிற்கட்டும். பெட்டியில் "தடை செய்தால் இவர் உங்களைக் கூப்பிடவோ எழுதவோ முடியாது" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். மறுநாள் "நேற்று இந்த நம்பரைத் தடை செய்தீர்கள்" என்று மேலே ஒரு வரி வரட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான்கு மாதம் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பான பட்டனில் விரல் வைத்துவிட்டால் பதறி எடுக்காதீர்கள். பெரும்பாலான பட்டன்கள் விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்யும். அப்படியே வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1லேயே இதற்கு விதி இருக்கிறது. எந்த ஆப்பாவது இதை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறதா?

மாமா இப்போது வாரம் இரண்டு தடவை கூப்பிடுகிறார். ஆனால் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. புது நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால், கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் போனின் ஓரத்தைப் பிடித்தபடி என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார். "இதுல எதைத் தொடணும், பார்த்துச் சொல்லு."