பீமில் ஓட்டை: அந்தக் குரல்பதிவு பிழை

“கொங்கிறீற்று இறுகின பிறகு பீமில் எங்கே ஓட்டை போட்டாலும் பரவாயில்லை, கம்பி அறாமல் இருந்தால் சரி” என்று ஒரு குரல்பதிவு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. பிழை.

பாரத்தைக் கம்பி மட்டும் தாங்குவதில்லை. வழக்கமான வீட்டுப் பீமில் வெட்டுவிசை (பீமைச் சாய்வாக வெடிக்கப் பண்ணும் விசை) தூணை அண்டித்தான் அதிகம், அதைக் கொங்கிறீற்றும், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியும் சேர்ந்துதான் தாங்குகின்றன, அந்த இடத்தில் பாத்ரூம் பைப்புக்கென்று 4 அங்குலத்துக்குக் கொத்தினால் ஓட்டையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும், பீமும் அதிகமாகத் தொய்யும். சதுர ஓட்டை இன்னும் மோசம், மூலையில் விசை குவியும். பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் அப்படியொரு மூலையில் நகம் நுழையும் வெடிப்பைப் பார்த்தேன். மேலே சீமெந்து பூசி மறைத்திருந்தார்கள்!

ஓட்டையே கூடாது என்றில்லை. வட்டமாக, சிறிதாக, பீம் உயரத்தின் நடுவில், தூணிலிருந்து தள்ளி, கொங்கிறீற்றுப் போட முன்னமே பைப்பை வைத்து, சுற்றிவர மேலதிகக் கம்பி கட்டிப் போடலாம். பீமை ஊடுருவிப் போகும் குழாய் அதன் பலத்தைக் கணிசமாகக் குறைக்கக்கூடாது என்று கொங்கிறீற்றுக் கட்டடங்களுக்கான அமெரிக்க ஏசிஐ 318 விதிக்கோவையின் 2011 பதிப்பில் இருக்கிறது, பார்க்கலாம்.

சந்தேகமென்றால் வீட்டு வரைபடத்தோடு பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அந்தக் குரல்பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.