மஞ்சள் நகம் வெறும் சேற்றுக் கறையா?

"நடவு வயல் சேறு ஏறித்தான் நகம் மஞ்சளாகித் தடிக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து பெடிக்யூர் செய்தால் போதும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் நல்லது" என்று கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி.

சேற்றுக் கறை தேய்த்தால் போகும். நகம் தடித்து, நுனி உதிர்ந்து, அடியில் மாவு மாதிரி பொடி சேர்ந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மருந்து எடுத்தாலும் பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாற 12 முதல் 18 மாதம் ஆகும்.

அதைவிட ஆபத்து, அந்த வெந்நீர். சர்க்கரையால் நரம்பு கெட்ட காலுக்குச் சூடு உறைக்காது. தோல் வெந்து கொப்பளித்த பிறகே கண்ணில் படும். மருத்துவர்கள் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பது இதற்காகத்தான்.

நல்ல பார்லரில் முதலில் பாலிஷை அழிப்பார்கள், சர்க்கரை உண்டா என்று கேட்பார்கள், விரலிடுக்கை விரித்துப் பார்ப்பார்கள். அங்கே தோல் வெளுத்து ஊறி, சேற்றுப்புண் இருந்தால் அன்றைக்கு பெடிக்யூரே கூடாது. உங்கள் அம்மாவை, அத்தையை அழைத்துப் போகிறீர்களா? எதுவும் கேட்காமல் டப்பில் காலை வைக்கச் சொன்னால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.