'தபால் தனி' என்றால் எவ்வளவு?

தபால்தலை சேகரிப்பவர்களின் குழுக்களில் வரும் ஏலப் பதிவுகளில் அடிப்படை விலை, ஏலம் முடியும் நேரம், பின்புறப் பசையின் நிலை எல்லாம் சரியாக இருக்கும். கடைசி வரி மட்டும் 'தபால் தனி'. எவ்வளவு என்று இருக்காது. ஏலம் கேட்டு ஜெயித்து, பணம் அனுப்பப் போகும்போதுதான் 100 என்றும் 150 என்றும் வரும். அந்த நேரத்தில் பின்வாங்கினால் கெட்ட பெயர் ஏலம் எடுத்தவருக்குத்தான். தபால் செலவும் விலையில் சேர்ந்ததுதான். அதை ஏலம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நிஜச் செலவைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அக்டோபர் 1 முதல் வந்த கட்டணப்படி, 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், 18% ஜிஎஸ்டியோடு 55.46. உள்ளூருக்கு வரிக்கு முன் 19. பெறுபவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் இன்னும் 5 ரூபாயும் அதற்கு வரியும்.

எடை? சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். தபால்தலை அரை கிராம்கூட வராது. எடையெல்லாம் உறையிலும் அட்டையிலும்தான். அதுவும் சுமார் 35 கிராம். ஆக, ஒரு தலை அனுப்பினாலும் இருபது அனுப்பினாலும் கவுண்டரில் அதே 55.46. பத்து லாட் (ஒரே விலைக்கு ஏலம் விடும் தலை அல்லது தொகுப்பு ஒரு லாட்) எடுத்தவரிடம் லாட்டுக்கு 70 வீதம் 700 ரூபாய் வாங்குவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. முதல் நாள் உறைகள் (தலை வெளியான நாளின் முத்திரையோடு வரும் உறைகள்) பத்து சேர்ந்தால் எடை 50 கிராமைத் தாண்டும், உண்மை. அப்போதும் 250 கிராம் வரை ஒரே படிதான். சென்னையிலிருந்து மதுரைக்கு 63, வரியோடு 74.34.

உறை, அட்டை வைத்துப் பார்சல் கட்டும் செலவை வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பவர்களால்தான் சரக்கு கெடுகிறது. அட்டை இல்லாமல் போகும் மினியேச்சர் ஷீட்டின் (தலைகள் அச்சிட்ட சிறு தாள்) மூலை, தபால் முத்திரை குத்தும் அடியிலேயே மடங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பசையுள்ள தலை தாளோடு ஒட்டிக்கொள்ளும். தலையை முதலில் கிளாசின் (வழவழப்பான மெல்லிய தாள்) உறையில் போடுங்கள், அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். அட்டை எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் வெளியே நீளட்டும். வாங்கியவர் கத்தரியால் உறையைத் திறக்கும்போது தலை வெட்டுப்படாது. டேப்பை அட்டையில் மட்டும் ஒட்டுங்கள். நுனியைச் சற்று மடித்துவிட்டால் உரிப்பதும் சுலபம். இதற்கெல்லாம் 15 ரூபாய் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். தபால் நிலையம் போய்வந்த பெட்ரோலும் நேரமும் அடிப்படை விலையில் சேர வேண்டியவை.

லாபத்தைத் தபாலில் ஒளிப்பது பழைய வழக்கம். இணைய ஏலத் தளமான ஈபேயில் ஒரு காலத்தில் பொருளை 99 சென்ட்டுக்குப் போட்டு, அனுப்பும் செலவை ஏகத்துக்கு ஏற்றினார்கள். ஈபே வாங்கும் கமிஷன் பொருளின் விலைக்கு மட்டும்தான் இருந்தது. அதன் அமெரிக்கத் தளத்தில் 2011இல் அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்துக் கமிஷன் வந்தது. நம் குழுக்களில் கமிஷனே இல்லை, ஒளிக்கக் காரணமும் இல்லை. ஒளித்தால் நஷ்டம் வாங்கியவருக்கு. தலை போலி என்று தெரிந்து திருப்பி அனுப்பினால் 'விலையைத் தருகிறேன், தபால் தர முடியாது' என்பார்கள். பணம் தபால் கணக்கில் இருந்தால் வாங்கியவருக்கு அது போனதுதான்.

'தபால் இலவசம்' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. 30 ரூபாய்த் தலைக்கு 55 ரூபாய் கட்டுபவர் இரண்டு மாதம் தாங்குவார், பிறகு சாதாரணத் தபாலில் போட ஆரம்பிப்பார். தொலைந்தால் தேட எண்கூட இருக்காது. ஸ்பீட் போஸ்ட்டிலும் தொலைந்தால் கிடைப்பது கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. 5,000 ரூபாய்த் தலைக்குக் காப்பீடு செய்வதா என்பதையும் ஏலத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'தபால்: ஸ்பீட் போஸ்ட். தலைகள் எத்தனை லாட் ஆனாலும் 50 கிராம் வரை கட்டும் செலவோடு 70 ரூபாய். உறைகள் சேர்ந்து 250 கிராம் வரை, சென்னையிலிருந்து மதுரைக்கு என்றால் 90. ரசீது படம் அனுப்பப்படும், மிச்சம் இருந்தால் திருப்பித் தரப்படும்.'