"அங்க யாருங்க வெளையாடுறா?"

அந்த வீடியோவ இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க, பாத்துட்டேன், எல்லா குரூப்லயும் வந்துருச்சு. நம்ம வார்டு தேர்தல் கூட்டத்துல நம்ம அண்ணன் மைக்கப் புடிச்சுக்கிட்டு, நம்ம ஊரு ஸ்டேடியத்தப் பத்தி "ஸ்டேடியம் ஸ்டேடியம்ங்கிறீகளே, அங்க இப்ப யாருங்க வெளையாடுறா? கேலரி விரிசல் விட்டுப்போச்சு, ராத்திரியானா குடிகாரப் பயலுக கெடக்கான், அத எடுத்துட்டு ஒரு வணிக வளாகமும் மேல பார்க்கிங்கும் கட்டுனா ஊரே மாறிப்போகும்"னு சொல்றாரு, கீழ உக்காந்திருக்கவுக கைதட்டுறாக. தட்டுனதுல எனக்குத் தெரிஞ்ச மொகம் நாலஞ்சு இருக்கு. அதுல ஒருத்தரு மகன் இதே கிரவுண்ட்ல ஓடி ஓடித்தான் போலீஸ் செலக்சன் ஆனான். அவரே தட்டுறாரு. அதப் பாத்ததுல இருந்து மனசு ஆற மாட்டேங்குது. நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுமை இருக்கவுக படிங்க.

யாரு வெளையாடுறாகன்னு கேட்டீகள்ல அண்ணே, காலையில அஞ்சரைக்கு வாங்க. போலீஸ் செலக்சனுக்கு ஓடுற பயலுக இருப்பானுக, 1500 மீட்டர 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், பொம்பளப் புள்ளைகளுக்கு 400 மீட்டர் ரெண்டரை நிமிஷம். மிலிட்டரிக்குப் போறவனுக்கு 1600 மீட்டர், அஞ்சரை நிமிஷத்துல வந்தாத்தான் முழு மார்க்கு. எல்லாம் சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து சைக்கிள்லயும், ஒரே பைக்ல மூணு பேருமா வர்றவனுக, அகாடமிக்குக் காசு கட்ட வழியில்லாதவனுக. ஒருத்தன் செல்போன்ல டைம் பாத்துக்கிட்டு நிப்பான், மத்தவன் ஓடுவான், அப்பறம் மாத்திக்குவானுக. ஆறு மணிக்கு ஸ்கூல் புள்ளைக. வெயில் ஏறுறதுக்குள்ள சுகர் இருக்க பெரியவுக நடந்து முடிச்சுட்டுப் போவாக. சாயந்தரம் ஒரு ஓரமா கபடி, ஒரு ஓரமா சிலம்பம், நடுவுல ஃபுட்பால். இவுக எல்லாம் யாரு? இவுக வீட்டு ஓட்டு வேணும், இவுக மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டாகளா?

இதுல இன்னொன்னு, அந்தக் கூட்டத்துக்கு மேடை போட்டதே அந்த கிரவுண்ட்லதான். மறுநா காலையில நான் மகளக் கூட்டிக்கிட்டுப் போறேன், ட்ராக் மேல பந்தக்கால் நட்ட குழி அப்படியே கெடக்கு, மூடல. புள்ளைக வரிசையா நின்னு, குனிஞ்சு, ஆணி பொறுக்குதுக. தண்ணி பாக்கெட்டு கவரு, அறுந்த கயித்துத் துண்டு, வளைஞ்ச ஆணி, எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுட்டுத்தான் ஓடவே ஆரம்பிச்சுதுக. பாதிப் புள்ளைக வெறுங்கால். ஒம்பதாவது படிக்கிற ஒரு புள்ள அந்தக் குழியில காலு மடங்கி கணுக்கால் வீங்கிப்போயி உக்காந்து அழுகுது, வலியில கூட இல்ல, அடுத்த வாரம் ஸ்போர்ட்ஸ் மீட்டு இருக்கேன்னு அழுகுது. முந்தின நா ராத்திரிதான் அதே எடத்துல நின்னு "யாரு வெளையாடுறா"ன்னு கேட்டுட்டுப் போயிருக்கீக.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டேடியத்துக்கு வயசாயிருச்சுன்னு சொல்லாதீங்க. அதப் பாத்துக்க ஆளில்லாமப் போச்சு, அம்புட்டுதான். வயச ஒரு காரணமா சொல்ற தகுதி நம்ம செட்டிநாட்டு ஊர்க்காரங்களுக்கு இல்லவே இல்ல. நூறு வருஷத்து வீட்டுக்குள்ள பொறந்து வளந்தவுக நாம. வெளியூர்ல இருந்து கேமராவத் தூக்கிக்கிட்டு வந்து நம்ம வீட்டு முகப்பையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் படம் எடுத்துட்டுப் போறாக. எந்த வீடு இன்னைக்கும் நிக்குது? வருஷா வருஷம் ஓடு மாத்தி, வளவுல, அதான் நடு முத்தத்துல, தண்ணி தேங்காமப் பாத்துக்கிட்ட வீடு நிக்குது. பங்காளிக பத்து பேருக்குப் பாத்தியப்பட்டு, நீ செய்யி நான் செய்யின்னு விட்ட வீட்டுல ஒரு ஓடு நழுவுது, மழைத்தண்ணி எறங்குது, உத்தரம் உளுத்துப்போவுது, கடைசியில தூணும் கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போயிருது. நம்ம ஸ்டேடியம் அந்தப் பங்காளி வீடு மாதிரிதான். ஊருக்கே சொந்தம், ஒருத்தரும் ஓடு மாத்தல. இப்ப வந்து வீடு பழசாப்போச்சு இடிக்கலாம்னு சொன்னா எப்படி?

எதிர்த்தரப்பு வேட்பாளரு ரொம்ப ஒழுங்குன்னு யாரும் சந்தோசப்பட வேணாம். அவுக ஃப்ளெக்ஸ்ல போட்டுருக்க படம் எந்த நாட்டு ஸ்டேடியமோ தெரியல, "சர்வதேசத் தரத்தில்"னு எழுதியிருக்கு. ஒரு கவுன்சிலர் சர்வதேச ஸ்டேடியம் கட்ட முடியாது, அந்தப் பணம் மேல இருந்து வரணும்னு அவுகளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சிந்தடிக் (செயற்கை ரப்பர்) ட்ராக் போட்டாலும் சும்மா கெடக்காது, பத்து வருஷத்துல மறுபடி போடுற மாதிரி ஆயிரும், அதுவும் ஒழுங்காப் பாத்துக்கிட்டா. செம்மண் ட்ராக்குக்கு ரோலர் போட வழியில்ல, சிந்தடிக்க யாரு பாப்பா? கவுன்சிலரால முடிஞ்சது என்னன்னு கேட்டா, ஒரு வாட்ச்மேன், எரியுற லைட்டு, குடிதண்ணி, வாரத்துக்கு ஒருக்கா ரோலர், அப்பறம் இந்த எடம் வெளையாட்டுக்கு மட்டும்தான்னு மன்றத்துல ஒரு தீர்மானம். இத ஒருத்தராச்சும் நோட்டீஸ்ல போட்டீகளா? நான் எல்லா நோட்டீசையும் எடுத்து வச்சுப் படிச்சேன். ஒண்ணுலயும் இல்ல.

கமெண்ட்ல வரப்போறதும் தெரியும். "ரோட்டோரமா மட்டும்தான கடை கட்டுறாக, பின்னாடி கிரவுண்டு இருக்கும்ல"ன்னு போன பதிவுலயே ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. தம்பி, எட்டு லேன் 400 மீட்டர் ட்ராக்குக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேணும். நம்ம கிரவுண்டு காம்பவுண்டு வரைக்கும் அதுக்கு சரியா இருக்கு. ரோட்டோரமா அம்பதடி எடுத்தா ட்ராக் போச்சு, அதுக்கப்பறம் இருக்கறது வெறும் காலி எடம், அங்க ஒரு மீட்டு நடத்த முடியாது. கொஞ்சூண்டு எடுத்துக்குறோம்ங்கிற பேச்சே கெடையாது, எடுத்தா முழுசும் போன மாதிரிதான்.

கேலரி விழுந்து யாருக்காச்சும் அடிபட்டா என்ன பண்றதுங்கிறது நியாயமான கேள்வி. ஒத்துக்கிறேன். இன்ஜினியர் வந்து பாக்கட்டும், எடுக்கணும்னு எழுதிக் குடுத்தா கேலரிய எடுத்துருங்க, நாங்க தரையில உக்காந்து பாத்துக்குறோம். கேலரிக்காக கிரவுண்டு இல்லண்ணே, கிரவுண்டுக்காகத்தான் கேலரி. வேலைவாய்ப்பு வரும்ங்கிறீக, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கட்டுன கடையிலயே பாதி ஷட்டர் எறங்கிக் கெடக்கு, அத மொதல்ல வாடகைக்கு விடுங்க.

குடிகாரங்கன்னு சொல்றதுதான் எனக்குத் தாங்கல. ஆமா, இருக்காங்க. ஏன் இருக்காங்க? லைட்டு எரியல, பின்பக்க செவுரு இடிஞ்சு கெடக்கு, வாட்ச்மேன் ரிட்டயர் ஆனதுக்கப்பறம் ஆளு போடல. காலையில ஒடஞ்ச பாட்டில் சில்ல பொறுக்குறது யாரு? அதே புள்ளைக. குடிக்கிறவன் வர்றான்னு வெளையாடுற புள்ளைய வெளிய அனுப்புறது என்ன நியாயம்? சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல்ல வருஷத்துல தை மாசம்தான் மாடு அவுக்குறாக. மிச்ச நாளு சும்மாதான கெடக்குன்னு அங்க காம்ப்ளக்ஸ் கட்டப் போறேன்னு எந்த வேட்பாளராச்சும் மேடையேறி சொல்லுவீகளா? சொல்ல மாட்டீக. அது ஊரு மானம். நெதமும் காலையில ஓடுற புள்ளைக எடம் மட்டும் எப்படி ஊரு மானம் இல்லாமப் போச்சு?

"மதுரைக்குப் போயி பிராக்டீஸ் பண்ணலாமே, ரேஸ்கோர்ஸ்ல நல்ல ட்ராக் இருக்கே"ன்னு சிலர். காலையில அஞ்சரைக்கு பதினாலு வயசுப் புள்ள மதுரையில நிக்கணும்னா எத்தன மணிக்கு பஸ் ஏறணும்? யாரு கூடப் போறது? பஸ் காசு யாரு குடுப்பா? அனுப்ப வசதி இருக்கவுகளுக்கு நம்ம ஸ்டேடியம் தேவையில்லதான். இல்லாதவுகளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலோட ஓட ஆரம்பிச்சவ, டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனா. திருச்சி முடிகண்டம் கோமதி 2019ல தோஹாவுல ஆசியத் தடகளத்துல 800 மீட்டருக்குத் தங்கம் வாங்குனா, பின்னாடி ஊக்கமருந்து விவகாரத்துல அந்தப் பதக்கம் பறிபோனது வேற கத. அப்ப நம்மளும்தான் ஸ்டேட்டஸ் வச்சோம், தமிழச்சின்னு போட்டோம். அந்தப் புள்ளைகளுக்கு ஓட ஒரு எடம் இருந்துச்சுங்க. அரசாங்க வேலையில வெளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ஒதுக்கீடு இருந்து என்ன, கிரவுண்டு இல்லன்னா எங்க புள்ளைக எத வச்சு அங்க போயி நிக்கும்?

நான் எந்தக் கட்சியும் இல்ல. எதிர்க்கட்சிக்காரி, காசு வாங்கிட்டு எழுதுறான்னு ஏற்கனவே ஒருத்தர் இன்பாக்ஸ்ல சொல்லிட்டாரு. நான் எழுதுறதுக்குக் காரணம் என் மக காலையில தண்ணி குடிக்க மாட்டேங்குறா. ஏன்டீன்னா சொல்ல மாட்டேன்னா. அப்பறம் ஒருநா சொல்றா, "அங்க பாத்ரூம் பூட்டிக் கெடக்கும்மா, தண்ணி குடிச்சா போகணும்ல". எல்லாப் பொம்பளப் புள்ளைகளும் அப்படித்தானாம். வறண்ட தொண்டையோட ஓடுதுக. பயலுக செவுத்தோரம் போயிர்றானுக, இதுக எங்க போகும்? பெண்கள் கழிப்பறைன்னு பெயிண்ட்ல எழுதி, டைல்ஸ் ஒட்டி, நல்லாத்தான் கட்டியிருக்கு. கதவுல பூட்டு, அந்தப் பூட்டே துருப்புடிச்சுப் போச்சு. நகராட்சியில கேட்டா சாவி கான்ட்ராக்டர்ட்டங்கிறாக, கான்ட்ராக்டர் நகராட்சியில ஒப்படைச்சாச்சுங்கிறாரு. வயசுக்கு வந்ததும் நெறைய புள்ளைக நின்னு போயிருதுக, வீட்டுல விட மாட்டேங்கிறாகன்னு நாம சொல்லிக்கிறோம். பாதிக்குப் பாதி இந்தப் பூட்டுதான் காரணம்.

நான் ஓடுன காலத்துலயும் இதே கததான். ட்ரெஸ் மாத்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஆச்சி வீட்டுக்கு ஓடுவோம், ஆச்சி பட்டாலைக் கூடத்துக் கதவத் தொறந்து விட்டு மோரும் குடுப்பாக. என் கூட அங்க ட்ரெஸ் மாத்துனது யாரு? இப்ப வார்டுல நிக்கிற அக்காதான். ஆமாங்க. அண்ணன் வேட்பாளரே இல்ல. உள்ளாட்சியில பாதி எடம் பொம்பளைகளுக்குன்னு சட்டம் வந்து, நம்ம வார்டு பெண்கள் வார்டு. நிக்கிறது அக்கா, பேசுனது அவுக வீட்டுக்காரரு. அந்த வீடியோவ மறுபடி பாருங்க, "யாரு வெளையாடுறா"ன்னு அவரு கேக்கும்போது பக்கத்துச் சேர்ல கைகூப்புன மேனிக்கு உக்காந்திருக்காகள்ல, அவுக எனக்கு ரெண்டு கிளாஸ் சீனியர். நாலு பேரு ஒருத்தருக்கப்பறம் ஒருத்தரா ஓடுற 4x100 ரிலேல செகண்ட் லெக் அக்கா, தேர்டு லெக் நான். நேர் ட்ராக்குல அவுக ஓடிவந்து குடுக்குற பேட்டன் குச்சிய நான் திரும்பியே பாக்க மாட்டேன், கைய மட்டும் பின்னாடி நீட்டுவேன், சரியா உள்ளங்கையில வந்து விழும். அம்புட்டு நம்பிக்கை.

அக்கா, உங்கள நான் திட்டல. ஆனா அந்தக் கேள்விக்கு அந்த மேடையிலயே பதில் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். "நான் வெளையாண்டேன்"னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. அந்த மைக்க நீங்க வாங்கியிருக்கலாம். பொம்பளைகளுக்கு ஒதுக்கீடு குடுத்தது சேர்ல உக்காரவா?

திங்கக்கிழமை பத்தரை மணிக்கு நாங்க நாலஞ்சு அம்மாமாரு நகராட்சி ஆபீஸுக்குப் போறோம், அந்த பாத்ரூம் சாவியக் கேட்டு வாங்க. எழுதிக் குடுக்க மனு ரெடியா இருக்கு, கையெழுத்துப் போடுறவுக ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கிரவுண்டு கேட்டுகிட்ட வாங்க. அக்கா, நீங்களும் வாங்க. கட்சிக்காரங்க வேணாம், நீங்க மட்டும் வாங்க.